ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் நன்னீர் மீன் உயிரியலாளருக்கு என்ன வேலை?

வற்றாத ஆறில்லாத ஊரில் இந்தத் தொழில் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறும், ஊருக்கு ஊர் குளங்களும் கேணிகளும் இருக்கின்றனவே! வேலை அங்கேதான்.

பாதி நாள் முழங்காலளவு சேற்றில் நின்று வலை இழுக்க வேண்டும். அகப்பட்ட மீனை வாளியில் விட்டு, நீளம் அளந்து, செதில் வரிசை எண்ணி, உயிரோடு திருப்பி விட வேண்டும். மீதிப் பாதி அறிக்கை எழுதுவது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான சோதனை கோடையில். குளம் வற்றும்போது விராலும் பனையேறிக் கெண்டையும் வெளிக்காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் சமாளித்துவிடும். சிறு கெண்டைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆழமான குழியில் தேங்கும் கடைசித் தண்ணீர்தான் அவற்றின் உயிர். தூர்வார வரும் இயந்திரம் அந்தக் குழியையும் மட்டமாக்கிவிட்டால், அடுத்த மாரிக்குக் குஞ்சு பொரிக்கத் தாய்மீன் இருக்காது. “அந்த ஒரு மூலையை விட்டுவிடுங்கள், ஐயா” என்று கமக்காரரிடம் கெஞ்சுவதும் இந்தத் தொழிலில் அடக்கம்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்னொரு தலையிடி. தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்தே காப்பதால், புகுந்த குளத்தை விட்டு இலேசில் போகாது.

விலங்கியல் பட்டத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். நீந்தத் தெரிந்திருந்தால் நல்லது.