வேலையிடத்தில் நெருக்கமான நட்பு வட்டம் இருந்தால் குடி கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். வட்டம் எவ்வளவு நெருக்கம் என்பதைவிட, அதற்குள் குடி எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதுதான் முக்கியம். வேலை முடிந்து மனம்விட்டுப் பேசக் கிடைப்பது பார் மேசை ஒன்றுதான் என்றால், யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்குப் பதவி உயர்வு என்ற பேச்சும் அங்கேதான் ஓடும். குடிக்காதவருக்கு அது காதில் விழாது. "சும்மா கம்பெனிக்கு ஒண்ணு" என்று பலர் தொடங்குவது இந்தப் பயத்தில்தான், ஆசையில் அல்ல.

அளவை ஏற்றிவிடுவது ரவுண்டு முறை, அதாவது ஒவ்வொரு தடவையும் ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தருவது. ஐந்து பேர் ஆளுக்கொரு ரவுண்டு வாங்கினால், கணக்குத் தீர ஐந்தும் ஓடியாக வேண்டும். நடுவில் எழுந்து போகிறவருக்குக் கஞ்சன் என்று பெயர். வேகமாகக் குடிப்பவர் வைத்ததே வேகம். 5 சதவீத பீர் 330 மி.லி. குடித்தால் சுமார் 13 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது, ஐந்துக்கு 65. ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு 9 மணிக்குத் தொடங்கியவர் காலை 6 மணி ஷிப்டில் மிஷின் முன் நிற்கும்போதும் மிச்சம் இருக்கலாம். முதல் உலகப் போரின்போது, ஆயுத உற்பத்தி கெடுகிறதென்று கவலைப்பட்ட பிரிட்டன், 1915இல் பல பகுதிகளில் ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கித் தருவதையே தடை செய்தது. சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள்.

அதனால் அறிவுரையை விட்டுவிட்டு ஏற்பாட்டை மாற்றுங்கள். அவரவர் பில் அவரவருக்கு. சாப்பாடு முதலில் வரட்டும். மேனேஜர் முதல் ஆளாக சோடா சொல்லட்டும். மற்றவர்கள் எல்லாம் விரும்பித்தான் குடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்; ஒருவர் வெளிப்படையாக வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு பேருக்குத் துணிச்சல் வரும்.

குடித்ததால் வேலைக்கு வராதவருக்காக வருகையைப் பதிந்து வைப்பது, அவர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது: பாசத்தில் செய்வதுதான், ஆனால் அவர் நிலை மோசமாகும்வரை யாருக்கும் தெரியாமல் போகிறது. கைநடுக்கத்தையும் திங்கட்கிழமை விடுப்புகளையும் முதலில் கவனிப்பவரும் அதே நண்பர்தான். தெளிவாக இருக்கும் நேரத்தில், தனியாக, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: "இந்த மாசம் மூணு திங்கள் நீ வரலை. உன் வேலையை நான்தான் பார்த்தேன். இனிமே முடியாது." குடிகாரன் என்ற சொல் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளில் 10 கேள்விகள்தான். 40க்கு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்னியோட விட்டுடு" என்று சத்தியம் வாங்கிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அடுத்த இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்தான பிதற்றலும் வரலாம். நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூடப் போங்கள்.