தனுஷ்கோடிப் புயல் 22-ஆம் தேதியா, 23-ஆம் தேதியா? பள்ளிப் பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதும் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை 'வரலாற்றில் இன்று' வாசிக்கும். அதையே வாசல் பலகையிலும் எழுதிப் போடுவோம். டிசம்பர் 22-க்குத் தயார் செய்தபோது குழப்பம் வந்துவிட்டது. தனுஷ்கோடிப் புயல் 22 என்று ஓரிடத்தில் இருக்கிறது, 23 என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எது சரி? வாட்ஸ்அப்பில் வரும் பிறந்தநாள், நிகழ்ச்சிப் பட்டியலை அப்படியே எழுதலாமா? ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தேதிகளைச் சேர்க்கலாமா?

பதில்: இரண்டு தேதியுமே சரிதான், டீச்சர். பலகையில் "1964 டிசம்பர் 22 இரவு, 23 அதிகாலை" என்று எழுதுங்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு வசதியாக, அந்த இரவை மணிக்கணக்கில் பார்ப்போம்.

தெற்கு அந்தமான் பக்கம் டிசம்பர் 17 வாக்கில் உருவான தாழ்வழுத்தம் வலுத்துப் புயலாகி, மேற்கே நகர்ந்து, 22-ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்தது. அன்று இரவே பாக் நீரிணையைத் தாண்டி நம் கரையில் ஏறியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் இரவு 11.55-க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது. நாள்காட்டியில் தாள் மாற இன்னும் ஐந்தே நிமிடம். தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது சிக்னல் இல்லை, இருட்டு. ரயில் நின்றது. பிறகு ஓட்டுநர் நீளமாக விசில் கொடுத்து மெல்ல நகர்த்தினார். அப்போதுதான் கடல் ஏறி வந்து ரயிலை மூடியது. அந்த நேரத்தில் தேதி 23 ஆகிவிட்டது. ரயில் கிளம்பியது 22, மூழ்கியது 23. எழுதுகிறவர் எந்தக் கணத்தைப் பிடிக்கிறாரோ அந்தத் தேதியை எழுதிவிடுகிறார். மற்றவர் அதைப் பார்த்து எழுதுகிறார். ஒரே வரியில் ஒரு தேதிதான் போட இடம் இருக்கிறது என்றால், புயலுக்கு 22, ரயிலுக்கு 23 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். தனுஷ்கோடியில் ஏறத்தாழ 1,800 பேர் இறந்ததாகச் சொல்லப்படுவது ஒரு மதிப்பீடு. ஆகவே "சுமார்" என்ற சொல்லை விடாதீர்கள். ரயிலில் இருந்தவர்களை "நூற்றுக்கும் மேற்பட்டோர்" என்று எழுதினால் போதும். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருடைய தாத்தா, அப்பத்தா வீட்டில் அந்த இரவில் ஆள் போயிருக்கலாம். அதனால் அந்த எண்ணை யாரும் உரத்து, அதிசயம் போல வாசிக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள். வாசிக்கிற பிள்ளைக்கு முதல்நாளே சொல்லிவையுங்கள்.

புயலோடு பாலத்தையும் சேர்க்கலாம். பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. கப்பலுக்குத் திறந்துவிடும் தூக்குப் பகுதி தாங்கி நின்றது. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் தலைமையில், விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து மீட்டு 46 நாளில் பாலத்தை மறுபடி ஓட வைத்தார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவால் நாடறிந்தவர் அவர்தான். அழிவு மட்டும் சொல்லி நிறுத்தாமல் இந்தப் பகுதியையும் வாசிக்க வையுங்கள். அதே பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றதும் ஒரு டிசம்பர் 23-ல்தான், 2022-இல். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி வருவது தனுஷ்கோடிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. காரணம் தெரிந்தால் அடுத்த முறை நீங்களே பிரித்துப் பார்த்துவிடுவீர்கள். நிலவில் மனிதன் இறங்கியது 1969 ஜூலை 20 என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். இறங்கிய நேரம் கிரீன்விச் கணக்கில் இரவு 8.17. இந்திய நேரத்துக்கு மாற்றினால் ஜூலை 21 அதிகாலை 1.47. இரண்டும் பிழையில்லை.

நம் கரைக்கு நெருக்கமான உதாரணம் கச்சத்தீவு. அதைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்துக்கு ஜூன் 26 என்றும் ஜூன் 28 என்றும் தேதி கிடைக்கும். கையெழுத்து ஒரே மேசையில் போடப்படவில்லை. கொழும்பில் 26-ஆம் தேதி, புதுடெல்லியில் 28-ஆம் தேதி. அது நடைமுறைக்கு வந்தது ஜூலை 8. மூன்று தேதிக்கும் மூன்று பொருள். "கையெழுத்தான நாள்" என்றா, "அமலுக்கு வந்த நாள்" என்றா எழுதுகிறோம் என்பதைப் பலகையில் சொல்லிவிட்டால் தகராறு இல்லை. விசைப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அன்றாடம் காதில் விழுகிறது. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் தேதி சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 1976 மார்ச் 23-ல் இன்னொரு ஒப்பந்தம் உண்டு. பல பட்டியல்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் நாள்காட்டியே மாறியது. சீக்கியர்களின் பத்தாவது குரு கோவிந்த் சிங் பிறந்த நாளும் டிசம்பர் 22 என்றே பட்டியலில் வரும். அது 1666-ஆம் ஆண்டு, பழைய ஜூலியன் கணக்கில். இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கில் அது 1667 ஜனவரி 1. சீக்கியர்கள் தங்கள் நாள்காட்டிப்படி வேறு நாளில் கொண்டாடுகிறார்கள். பழைய நூற்றாண்டுப் பிறந்தநாள் எதையும் டிசம்பர் 22 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் பிறை பார்த்துக் கணக்கிடும் வீடுகளில் மக்ரிபோடு, அதாவது சூரியன் மறைந்ததும், அடுத்த நாள் பிறந்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு நடந்ததை ஒரு வீட்டில் செவ்வாய் என்றும் இன்னொரு வீட்டில் புதன் இரவு என்றும் சொல்வார்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் ஒரு கிழமையும் பிறப்புச் சான்றிதழில் அடுத்த கிழமையும் இருப்பது இதனால்தான். யாரும் பொய் சொல்லவில்லை.

தமிழ் வருடப் பெயர் கிடைத்தாலும் நல்ல துப்பு. 1964 டிசம்பர், குரோதி வருடத்து மார்கழி. ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 2024-ம் குரோதிதான், 1904-ம் குரோதிதான். பழைய கல்வெட்டிலோ நோட்டிலோ வருடப் பெயர் மட்டும் இருந்தால், எந்தச் சுற்று என்று வேறொரு செய்தியால் உறுதி செய்தபிறகே ஆங்கில ஆண்டை எழுதுங்கள்.

இனி வாட்ஸ்அப் பட்டியல். அப்படியே எழுதாதீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்லும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கலாம் பிறந்தது ராமேஸ்வரத்தில், 1931 அக்டோபர் 15. இதில் ஐயமில்லை. ஆனால் "அந்த நாளை ஐக்கிய நாடுகள் சபை உலக மாணவர் தினமாக அறிவித்தது" என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. ஐ.நா. கடைப்பிடிக்கும் நாட்களின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. தமிழக அரசு 2015-இல் அந்த நாளை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது உண்மை, அதை எழுதுங்கள். கலாமின் பெருமைக்குப் பொய்ச் சான்று எதுவும் தேவையில்லை. பேக்கரும்பில் அவர் நினைவிடத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நாம் இதில் இன்னும் கூடுதலாக நேர்மை காட்ட வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று, கிழமை. கைப்பேசி நாள்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள்: 1964 டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை. "செவ்வாய்க்கிழமை ராத்திரி காத்து தொடங்குச்சு" என்று ஒரு பாட்டி சொன்னால் அது ஆவணத்தோடு ஒத்துப்போகிறது. அதைவிட வலுவான வழி, நிகழ்ச்சி நடந்தபோதே எழுதப்பட்டதைத் தேடுவது. இதற்கு டிசம்பர் 22-லேயே ஓர் அழகான உதாரணம் இருக்கிறது, அதுவும் மீன் பற்றியது.

தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக ஊர். 1938-இல் அங்கே ஒரு இழுவைப் படகு கொண்டுவந்த மீன்களுக்குள் நீல நிறத்தில், கை கால் போன்ற தடித்த துடுப்புகளோடு ஒரு பெரிய மீன் கிடந்தது. அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதைப் பார்த்து, இது சாதாரணமானதல்ல என்று எடுத்து வைத்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாக எண்ணப்பட்ட சீலகாந்த் மீன் அது. அவர் மீன் ஆய்வாளர் ஸ்மித்துக்குப் படம் வரைந்து எழுதிய கடிதத்தின் தேதி டிசம்பர் 23. அதில் அந்த மீன் "நேற்று" தன் கவனத்துக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். ஆக, 22. பிற்பாடு யார் எந்தத் தேதி எழுதினாலும் அந்தக் கடிதத்தின் ஒரு சொல் போதும். ஏலக்கூடத்தில் மீன் கொட்டுவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உலகச் செய்தி அந்த நாளில் எனக்குத் தெரியவில்லை. வலையில் புதுசாக ஒன்று சிக்கினால் தூக்கிப் போட்டுவிடாமல் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறந்தநாளில் டிசம்பர் 22-க்கு ஒரு பெயர் போதும்: கணித மேதை ராமானுஜன், 1887, ஈரோடு. அவர் நினைவாக 2012 முதல் அது தேசியக் கணித நாள். முப்பத்திரண்டே வயதில், 1920 ஏப்ரல் 26-ல் மறைந்தார். பத்துப் பெயர் எழுதினால் ஒன்றும் மனதில் நிற்காது. 1989-இல் பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் மீண்டும் திறக்கப்பட்டது போன்றவை நல்ல செய்திகள்தான். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் தேதிகளைக் கட்டாயம் சேருங்கள், ஆனால் அவர்கள் சொன்ன உருவிலேயே. நம் கரையில் வயதைப் "புயலுக்கு முந்தின வருசம் பொறந்தவ", "புயலடிச்சப்ப கைப்புள்ள" என்றுதான் கணக்கிடுவார்கள். அதை 1963 ஜூன் 5 என்று மாற்றி எழுதினால் நீங்கள் இல்லாத ஒரு துல்லியத்தை உண்டாக்குகிறீர்கள். ஆதார் அட்டையில் இருக்கும் தேதிகூட, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்காகப் போட்டதாக இருக்கலாம். பலகையில் ஒரு மூலையை ஒதுக்கி, "எங்கள் ஊர் சொல்வது" என்று தலைப்பிட்டு, யார் வீட்டுப் பெரியவர் சொன்னார் என்று அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். ஆவணத் தேதியும் வாய்மொழியும் ஒரே வரியில் கலக்க வேண்டாம். யாராவது அந்த இரவைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

டிசம்பர் 22 பலகைக்கு நான் எழுதுவது இவ்வளவுதான்: "1887, ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தார். 1938, தென்னாப்பிரிக்காவில் சீலகாந்த் மீன் கண்டறியப்பட்டது. 1964, டிசம்பர் 22 இரவு, 23 அதிகாலை: தனுஷ்கோடிப் புயல், சுமார் 1,800 பேர் உயிரிழந்தனர், பாம்பன் பாலம் 46 நாளில் சீரமைக்கப்பட்டது."

இதே முறையில் வருடத்தின் மற்ற நாட்களுக்கும் உங்கள் கரையிலிருந்தே தொடங்குங்கள். ஜனவரி 26 வந்தால் குடியரசு நாளோடு, 1897-இல் அதே நாளில் விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியதும், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றதும் இருக்கிறது. பிப்ரவரி 18, 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமான நாள். பிப்ரவரி 24, 1914-இல் பழைய பாம்பன் பாலம் திறந்த நாள். அக்டோபர் 2-ல் காந்தி பிறந்தநாளோடு, 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டதையும் சேர்க்கலாம். இன்று பிள்ளைகள் பேருந்தில் கடப்பது அந்தப் பாலத்தைத்தான்.

நடைமுறையில் ஒன்று கவனியுங்கள். டிசம்பர் 22, 23 அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நேரம். சில வருடம் 23-ஆம் தேதி பள்ளியே இருக்காது, சில வருடம் 22 ஞாயிறாக வரும். அதனால் பலகையை முந்தைய வேலை நாளிலேயே எழுதிப் போட்டு, தேதியை மேலே பெரிதாகக் குறித்துவிடுங்கள். தேர்வு நாளாக இருந்தால் வாசிப்பை வழிபாட்டுக் கூட்டத்தில் வைக்காமல், தேர்வு முடிந்து பிள்ளைகள் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.