வைராக்கியம்: விடுவதா, விடாமல் பிடிப்பதா?

கேள்வி: தாத்தா இறந்த பிறகு என் பாட்டி யார் வாசலிலும் போய் நிற்காமல் இடியப்பம் அவித்து விற்றே நாலு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். "வைராக்கியமான மனுஷி" என்று அம்மா இன்றும் சொல்வார். அகராதியிலோ வைராக்கியம் என்றால் பற்றின்மை என்று இருக்கிறது. எது சரி?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: இரண்டும் சரி. ஆனால் நாம் தினமும் பேசுவது உங்கள் அம்மா சொன்ன பொருளில்தான்.

வடமொழியில் ராகம் என்றால் பற்று, ஆசை. அது நீங்கிய நிலை விராகம், அதிலிருந்து வந்தது வைராக்கியம். 'வைரம் பாய்ந்த கட்டை'யில் வரும் வைரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காதுக்கு அப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். சரி, துறவியின் சொல் எப்படி இடியப்பத் தட்டுக்கு வந்தது? ஒன்றைச் சாதிக்க நினைப்பவர் வேறு பலவற்றை விட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் பாட்டி விடிகாலைத் தூக்கத்தை விட்டிருப்பார், நல்ல புடவையை விட்டிருப்பார், சொந்தக்காரர் கல்யாணங்களைக்கூட விட்டிருப்பார், பிள்ளைகளின் படிப்பை மட்டும் விடவில்லை. அந்த விடுதல்தான் இரண்டு பொருளையும் சேர்க்கிறது என்பது என் எண்ணம்.

பிடிவாதம் வேறு. கேட்டது கைக்கு வந்ததும் அது அடங்கிவிடும். வீம்புக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். வைராக்கியத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை, அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும். "அண்ணனோடு பேசமாட்டேன் என்று வைராக்கியமாக இருக்கிறான்" என்றும் சொல்கிறோமே, அங்கே சொல் கொஞ்சம் கசந்துவிடுகிறது.

பழைய பொருளும் போய்விடவில்லை. பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்று சொல்வார்கள்: பிரசவ வலியில், புராணம் கேட்கையில், சுடுகாட்டில் வந்து, சீக்கிரமே போய்விடும் பற்றின்மை. மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்பும் பேருந்தில் "என்ன வாழ்க்கை இது, எல்லாம் போதும்" என்று கண் கலங்கியவர், தேக்காவில் இறங்கி ஒரு கோப்பி குடித்ததும் வீட்டு விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அது மயான வைராக்கியம்.

தனித்தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் திண்மை இருக்கிறது. எண்ணியதை எண்ணியபடியே அடைபவரை 666ஆம் குறள் 'திண்ணியர்' என்கிறது. அழகான சொல், கட்டுரையில் தாராளமாக எழுதுங்கள். பாட்டிக்கு மட்டும் அம்மா சொன்ன சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டதும் விடாததும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது.