செவிலியர்களிடம் பணிநெறியும் ஈடுபாடும் குறைந்துவிட்டனவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் உறவினருக்குத் துணையாக வார்டில் இரண்டு இரவாவது விழித்திருந்தவர்கள். "கூப்பிட்டு அரைமணி நேரம் கழித்து வந்தார், வந்தும் சிடுசிடுத்தார்" என்பதுதான் அவர்கள் குறை. அந்தச் சிடுசிடுப்புக்கு இந்தப் பக்கம் பதினெட்டு ஆண்டுகளாக நிற்பவள் நான். ஆகவே முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை ஒரு தனியார் மருத்துவமனையில். வார்டில் 22 நோயாளிகள், நைட் டியூட்டியில் நாங்கள் இருவர். உடன் இருந்தவள் அவசரமாக ஒருவரை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துச் சென்றுவிட்டாள். இரண்டு மணிக்கு எல்லோருக்கும் பி.பி. பார்த்து எழுத வேண்டும். பதினோராம் படுக்கைத் தாத்தாவுக்குப் பத்து மணிக்கு 130/80 இருந்தது. நான் நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே 128/80 என்று எழுதினேன். அதே எண்ணை எழுதினால் சந்தேகம் வரும் என்று இரண்டைக் குறைத்தேன் பாருங்கள், அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். பிறகு, கருவிகளை இரவல் கொடுத்தால் குறித்துவைக்கும் நோட்டை எடுத்தார். "பி.பி. கருவி ஒரு மணிக்குக் கேஷுவால்டிக்குப் போயிருக்கிறது, நாலு மணிக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது. இரண்டு மணிக்கு எதை வைத்துப் பார்த்தாய்?" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. அவர் கத்தவில்லை. "பார்க்க முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடு. காலிக் கட்டத்தைப் பார்த்தால் டாக்டர் ஏன் என்று கேட்பார். நீ எழுதிய எண்ணைப் பார்த்தால் கேட்கமாட்டார்" என்றார். நல்லவேளையாகத் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செவிலியர் கல்லூரியில் பணிநெறிக்கு ஒரு பாடமே உண்டு. தேர்வில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது அன்று காலைதான்.

இப்போது அதே இரவைக் கணக்காகப் பாருங்கள். ஒருவருக்கு பி.பி., நாடி, காய்ச்சல் பார்த்து எழுத ஐந்து நிமிடம் என்றால் 22 பேருக்கு 110 நிமிடம். இரண்டு மணிச் சுற்றைத் தனியாளாகத் தொடங்கினால் முடியும்போது மணி நாலாகப் பத்து நிமிடம் இருக்கும். இடையில் ஊசி போட வேண்டும், டிரிப்ஸ் மாற்ற வேண்டும், யாராவது வாந்தி எடுப்பார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதலாக என்கிறது. நான் வேலை பார்த்த எந்த வார்டிலும் இந்தக் கணக்கு நிஜமாகி நான் பார்த்ததில்லை. ஆள் குறைவு என் பொய்யை நியாயப்படுத்தாது. ஆனால் ஒரு வார்டில் பத்துப் பேர் பொய் எண் எழுதினால், பத்துப் பேரின் மனசாட்சியைச் சோதிப்பதற்கு முன் டியூட்டி ரோஸ்டரை எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

ஈடுபாடு என்பதும் ஒரே சரக்கு அல்ல. மேயர், ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி இருப்பது, விட்டுப்போனால் நஷ்டம் என்பதால் இருப்பது, நன்றிக்கடனாக இருப்பது. படிப்புச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு இரண்டாவது வகையைக் கட்டாயமாக வரவழைக்கும் நிர்வாகங்கள், முதல் வகையின் புன்னகையை எதிர்பார்க்கின்றன. கல்விக்கடன் தவணை கட்டும் பெண்ணிடம் அது எப்படி வரும்?

சம்பளத்தைப் பற்றிப் பேசினால் உடனே "சேவை" என்ற சொல் வந்துவிடும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்த செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியமாகக் கிடைத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தபோது, நோயாளிகளைத் தவிக்கவிடலாமா என்ற கேள்விதான் அவர்கள் பக்கம் திரும்பியது. தனியார் துறைக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையைச் சம்பளப் பட்டியலில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் எங்களவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரசவ வலியில் கத்தும் பெண்ணை அசிங்கமாக ஏசுவதற்கு ஆள்பற்றாக்குறை காரணமாகாது. குழந்தையைக் காட்டக் காசு கேட்பதைக் கண்டும் காணாததுபோல் நிற்பதற்குக் குறைந்த சம்பளமும் காரணமாகாது. அப்படி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் என்னைவிட நன்றாகச் சம்பாதிப்பவர்கள்.

இப்போது வேறொரு மருத்துவமனையில் நானே இன்சார்ஜ். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இரவுச் சார்ட்டில் நான்கு கட்டங்களைக் காலியாக விட்டு, பக்கத்தில் "7ஆம் படுக்கைக்கு மூச்சுத்திணறல், உடன் இருந்தேன், மற்றவர்களைப் பார்க்க இயலவில்லை" என்று எழுதியிருந்தாள். மேலிடத்திலிருந்து அவளுக்கு மெமோ வந்தது. பதிலை இருவரும் சேர்ந்து எழுதினோம், அன்றைய ரோஸ்டரின் நகலையும் இணைத்து. இன்னும் பதில் வரவில்லை.