மலை ஏறும் காருக்குத் தனி டெம்பரேச்சர் மீட்டர் தேவையா?

கேள்வி: எங்களிடம் 2014-ம் வருடத்து பெட்ரோல் கார் இருக்கிறது. ஏற்காட்டில் அம்மா வீடு என்பதால் அடிக்கடி குடும்பத்தோடு மலை ஏறுகிறோம். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். போன மாதம் வெயிலில் ஏறும்போது, மேல் வளைவுகளில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ஓரங்கட்டி ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சென்சாரோடு தனி மீட்டர் வாங்கி மாட்டச் சொல்கிறார் மெக்கானிக். தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிடலாம் என்கிறார். எதை வாங்குவது?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மீட்டர் வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன் கார் ஏன் சூடானது என்று பார்த்தாக வேண்டும். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன கியரில் இன்ஜின் கதறும், வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. அப்படியிருந்தும், நல்ல நிலையில் உள்ள கார் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டே ஏறிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தது என்றால் எங்கோ கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது, அல்லது ஃபேன் சுற்றவில்லை, ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அதன் மூடி அழுத்தம் பிடிக்கவில்லை, இப்படி ஏதோ ஒன்று. மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான் கூலன்ட்டைக் கொதிக்காமல் காக்கிறது. வழியில் ஊற்றிய தண்ணீரையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்துவிடும். முழுவதும் வடித்துவிட்டு, கார் கையேட்டில் சொன்ன கூலன்ட்டை நிரப்பச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றவே வேண்டாம். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று சொல்வது பழைய பழக்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜின் என்று காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் அடிவாங்கும். ரேடியேட்டர் அடைப்பு அப்போதும் அப்படியேதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள்.

இனி மீட்டர். உங்கள் காருக்கு நான் முதலில் சொல்வது ஓ.பி.டி. அடாப்டர், அதாவது காரின் கம்ப்யூட்டர் சொல்வதைச் செல்போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி.-2 சாக்கெட் இருக்கும். அதில் செருகினால், கார் கம்பெனியே வைத்த சென்சார் சொல்லும் கூலன்ட் சூடு டிகிரி கணக்கில் செல்போனில் தெரியும். ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. காரை நாள் கணக்கில் நிறுத்தும்போது மட்டும் கழற்றி வையுங்கள், பேட்டரி இறங்காது.

செல்போன் வேண்டாம், கண்ணெதிரே மீட்டர்தான் வேண்டும் என்றால், சென்சார் உட்காரும் இடம்தான் முக்கியம். கம்பெனி சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதை மாட்ட விடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஃபேனை ஓட்டுகிறது, பெட்ரோலை அளக்கிறது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் அலுமினிய அடாப்டர் வைத்து, அதில் சென்சாரை முடுக்குவதே வழக்கம். அடாப்டர் 28 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை பல அளவில் வருகிறது. ஹோஸின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்த பிறகே வாங்குங்கள். கிளிப்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று தளர்வான அடாப்டரை மாட்டினால், மலையில்தான் ஒழுகும்.

நிறைய பேர் ஏமாறுவது எர்த்தில், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த். ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்கும் அடாப்டருக்கு எர்த் எங்கிருந்து வரும்? மீட்டர் அசையாது, அல்லது கண்டபடி காட்டும். கடைக்காரர் மீட்டரைக் குறை சொல்லி இன்னொன்றை விற்பார். அடாப்டரிலிருந்து இன்ஜினுக்குத் தனி எர்த் ஒயர் போடுங்கள், அல்லது இரட்டை ஒயர் சென்சாராகவே வாங்குங்கள். மரையில் டெஃப்லான் டேப்பைக் கத்தையாகச் சுற்றினாலும் ஒற்றை ஒயருக்கு எர்த் தடைபடும்.

மீட்டரும் சென்சாரும் ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக இருக்கட்டும். வேறு கம்பெனி சென்சார் மரையில் சரியாக உட்கார்ந்தாலும் தப்பான டிகிரி காட்டும். மாட்டுவதற்கு முன், பேட்டரியில் இணைத்து, சென்சாரின் நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேலத்தில் 99-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்மா வீட்டு அடுப்பில் வைத்தால் 95.

மாட்டியபின் மலையில் 90-க்கும் 100-க்கும் இடையே ஏறி இறங்குவது சகஜம்தான். 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து (இன்ஜின் சூட்டை அது வெளியே இழுக்கும்), இடம் பார்த்து நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றுதான் இருக்கும். முள் ஏறாது, இறங்கக்கூட செய்யும். கம்பெனி சென்சாருக்கும் இதே கதிதான். எனவே ஒவ்வொரு முறை மலை ஏறும் முன்பும், இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்க்கில் அளவைப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் டெம்பரேச்சர் சென்சார் வாங்கினேன். படத்தில் போட்ட மரை அளவு வேறு, வந்தது வேறு. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: அப்படி மறுக்க முடியாது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து, மரையின் அளவு தெரிகிற மாதிரி சென்சாரையும் படம் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் தொடுக்க 2019-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், சென்சாரை மட்டும் வண்டியில் மாட்டிப் பார்த்துவிடாதீர்கள்.