மாண்ட்ரியல் போனால் பிரெஞ்சு தானாக வந்துவிடுமா?

கேள்வி மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் தாதியாக வேலை செய்யும் சகோதரி. கணவருக்கு மாண்ட்ரியலில் வேலை கிடைத்திருக்கிறது, தற்காலிக வேலை அனுமதியில் இன்னும் பத்து மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். பிள்ளைகளுக்கு வயது எட்டும் ஐந்தும். "அது இரண்டு மொழி ஊர், ஆங்கிலம் போதும் என்கிறார்கள் சிலர். பிரெஞ்சு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார்கள் வேறு சிலர். போனால் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும் என்கிறார் கணவர். கைப்பேசிச் செயலியில் தினமும் படிக்கிறேன், வாசித்தால் ஓரளவு புரிகிறது, வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் வகுப்பும் கிடைக்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?"

தானாக வராது, சகோதரி. இந்த ஒரு நம்பிக்கையிலேயே வருடக்கணக்கைத் தொலைத்த நல்ல படிப்பாளிகளை எனக்குத் தெரியும், அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன்.

நம் ஊரையே பாருங்கள். தோட்டத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த பழைய சீனத் தவுக்கே நம் ஆட்களிடம் தமிழில்தான் பேசுவார். "என்னா வேணும், அரிசி போடவா" என்று கேட்டு, கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மொத்தத் தொகையையும் தமிழிலேயே சொல்வார். பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அன்று வேறு மொழி தெரியாது, அவர்களிடம் வியாபாரம் செய்ய அவருக்கு வேறு வழியில்லை, அதனால் கற்றுக்கொண்டார். அதே கடையில் காலமெல்லாம் சாமான் வாங்கிய நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய கண்டனீஸ் சீனமொழி வந்தது? தவுக்கேதான் தமிழ் பேசுகிறாரே, அவர்களுக்கு என்ன அவசியம் வந்தது? மாண்ட்ரியலில் நீங்கள் அந்தப் பெரியவர்களின் இடத்தில் இருப்பீர்கள். நீங்கள் பிரெஞ்சில் தடுமாறினால், எதிரில் இருப்பவர் உங்களுக்கு உதவுவதாக நினைத்து அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் பேசிவிடுவார். நல்ல மனதோடுதான் செய்வார், ஆனால் உங்கள் பாடம் அங்கேயே நின்றுபோகும்.

அப்புறம் அந்த "இரண்டு மொழி" விஷயம். 1969-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தின்படி கனடாவின் மத்திய அரசுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் ஆட்சிமொழி. மாநில அளவில் இரண்டுக்கும் சட்டப்படி சம இடம் கொடுப்பது நியூ பிரன்ஸ்விக் ஒன்றுதான். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக்கில் ஆட்சிமொழி பிரெஞ்சு மட்டும், 1977-இல் சட்டம் 101 வந்தபின் கடைப் பலகை, வேலையிடம், பள்ளி எல்லாவற்றிலும் அதற்குத்தான் முதலிடம். 2022-இல் வந்த சட்டம் 96 அதை இன்னும் இறுக்கியது. குடியேறி ஆறு மாதம் ஆனவர்களோடு மாநில அரசு அலுவலகங்கள் பிரெஞ்சில்தான் தொடர்புகொள்ள வேண்டும் என்பது இப்போது விதி, உடல்நலம், பொதுப் பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் கணவர் சொல்லும் ஆறு மாதமும் இந்த ஆறு மாதமும் ஒன்றாக வந்து நிற்கும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். ஆக, இரண்டு தரப்பும் சொல்வதில் பாதி பாதி உண்மை இருக்கிறது: கடைவீதியில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம், வாழ்க்கையை நடத்த முடியாது.

இப்போது வாய் ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் அதுதான். செயலியில் நீங்கள் படிப்பது எழுத்து பிரெஞ்சு, அதையும் ஆங்கிலம் வழியாகப் படிக்கிறீர்கள், எழுத்தைப் பார்த்ததும் மனசு ஆங்கில உச்சரிப்பை எடுத்துவந்து வைத்துவிடுகிறது. தமிழ்க் காதோடு அணுகினால் பாதி வேலை சுலபம். நாம் எழுதுவது "போய்க்கொண்டிருக்கிறேன்", வாயில் வருவது "போயிக்கிட்டிருக்கேன்". பிரெஞ்சுக்காரருக்கும் அப்படித்தான். "எனக்குத் தெரியாது" என்பது புத்தகத்தில் "ஜ ந ஸே பா", தெருவில் "ஷே பா", அவ்வளவுதான். புத்தக வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் தெருவில் விழிப்பது இதனால்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு வடிவத்திலும் பழகுங்கள். தமிழருக்கு இது புதிய வித்தை இல்லை, பிறந்ததிலிருந்து செய்துவருவதுதான்.

மூக்கொலிகளும் அப்படியே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். நீங்கள் வீட்டில் "பழம்" என்று சொல்லும்போது கவனியுங்கள், கடைசியில் உதடு மூடுவதில்லை, ஒலி மூக்குக்குள் போய்விடும். நல்லது என்று பொருள்படும் "போன்" சொல்லின் முடிவில் வருவது கிட்டத்தட்ட அதே ஒலி. "நான்" என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் நிற்கும் ஒலி, காற்று என்று பொருள்படும் "வான்" சொல்லில் வருகிறது. "வந்தேன்" என்பதன் கடைசி ஒலி, ரொட்டிக்கான "பேன்" சொல்லில் வருகிறது, அதிலும் கியூபெக் உச்சரிப்பு நம் "வந்தேன்"-க்கு இன்னும் நெருக்கம். மூன்றையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள், ன் எழுத்தில் நாக்கு மேலே ஒட்டக் கூடாது. நம்மிடம் இல்லாத ஒலி ஒன்று உண்டு: ஈ என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ஊ-வுக்குக் குவிக்க வேண்டும். இதற்குக் கண்ணாடி முன் நின்று சில நாள் பழகத்தான் வேண்டும். கியூபெக்கில் இந்த ஒலிக்கும் ஈ-க்கும் முன்னால் வரும் த, "த்ஸ" என்று சீறும், பாரிஸ் ஆசிரியரிடம் மட்டும் படித்துவிட்டுப் போனால் முதல் வாரம் காது குழம்பும். நீ, நீங்கள் வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, "த்யூ", "வூ" அதுதான். அங்கே "த்யூ"-வுக்குச் சீக்கிரம் இறங்கிவிடுவார்கள், நீங்கள் "வூ"-வில் தொடங்குங்கள்.

சரி, எவ்வளவு படிக்க வேண்டும்? ஆங்கிலம் பேசும் தங்கள் தூதரக அலுவலர்கள் பிரெஞ்சில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் பிடிக்கும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணக்கு. உங்களுக்கு இருப்பது பத்து மாதம். வேலையும் பிள்ளைகளும் போக நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் முந்நூறு மணி. அதில் ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஏ2 நிலையைக் கடந்து பி1 பக்கம் போகலாம், அதாவது மெதுவாகப் பேசினால் புரிந்துகொண்டு பதில் சொல்வீர்கள். அதற்கு மேல் இங்கிருந்தே எட்டிவிட வேண்டும் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறது, சுங்கை சிப்புட்டிலிருந்து வேலை முடிந்து போய்வர முடியாது, அதனால் இணைய வகுப்புத்தான் வழி. ஒன்று மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்: ஆசிரியர் கியூபெக்காரராக இருக்கட்டும். கோடையில் மாண்ட்ரியல் நமக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பதின்மூன்று. இங்கே காலை ஏழு மணி அங்கே சாயங்காலம், வேலை முடித்து உட்கார்ந்திருப்பவரோடு நீங்கள் கிளினிக் கிளம்பும் முன் அரை மணி நேரம் பேசலாம். வாரத்துக்கு இரண்டு முறை போதும், மற்ற நாட்களில் கேட்பது. பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி தருகிறது, எழுத்து வடிவமும் கிடைக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டு, பிறகு கூடவே சொல்லிக்கொண்டு. செயலியை நிறுத்த வேண்டாம், சொல் சேர்க்க அது உதவும், ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

உங்கள் வேலையே உங்களுக்குப் பெரிய பாடப்புத்தகம். கிளினிக்கில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் மலாயிலோ தமிழிலோ நீங்கள் என்னென்ன கேட்கிறீர்கள்? பெயர், பிறந்த தேதி, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மருந்து ஏதாவது ஒவ்வாமையா, சாப்பிட்டீர்களா. இந்தப் பத்துப் பன்னிரண்டு கேள்விகளைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் வாய்க்குள் ஒருமுறை சொல்லுங்கள். "ஊ ஆவே வூ மால்?" என்றால் எங்கே வலிக்கிறது, "தெபுயி கான்?" என்றால் எப்போதிலிருந்து. தினமும் நாற்பது பேர் வரும் இடத்தில் இது எலும்பில் இறங்கிவிடும்.

அங்கே இறங்கியதும் முதல் வாரத்திலேயே ஃப்ரான்சிசாசியோன் கியூபெக் என்ற அரசு அமைப்பில் பெயர் பதியுங்கள். புதிதாக வருபவர்களுக்கு மாநில அரசே இலவசமாக நடத்தும் பிரெஞ்சு வகுப்புகளுக்கு 2023 ஜூனிலிருந்து இதுதான் வாசல், வேலை அனுமதியில் வருபவரின் மனைவிக்கும் இடமுண்டு. சில இடங்களில் காத்திருக்க வேண்டிவரும், அதனால்தான் முதல் வாரம் என்கிறேன். நகர நூலகங்களில் உரையாடல் குழுக்கள் இருக்கும், கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். கடைகளில் "போன்ழூர், ஹாய்" என்று இரட்டையாக வரவேற்பார்கள். இந்த வழக்கத்தை விட்டுவிட்டு "போன்ழூர்" மட்டும் சொல்லச் சொல்லி 2017-இல் மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, அந்த அளவுக்கு அங்கே இது உணர்வான விஷயம். நீங்கள் "போன்ழூர்" என்று பதில் சொன்னால் பேச்சு பிரெஞ்சில் போகும். நடுவில் ஆங்கிலத்துக்கு மாறினால் "ஓன் பு கோன்தினுவே ஆன் ஃப்ரான்ஸே?" என்று கேளுங்கள், பிரெஞ்சிலேயே தொடரலாமா என்று பொருள். கேட்டால் முகம் மலர்ந்து மாறிவிடுவார்கள். கோத்-தெ-நேஜ், பார்க்-எக்ஸ்தான்சியோன் பக்கம் தமிழ்க் கடை, கோயில், நம் ஆட்கள் எல்லாம் உண்டு. போங்கள், மனசுக்கு வேண்டும். ஆனால் வாரம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டால் பிரெஞ்சு நிற்கும்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. கியூபெக்கில் குடியேறுபவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். தற்காலிக அனுமதியில் வருபவர்கள் ஆங்கிலப் பள்ளிக்கு விலக்குக் கேட்கலாம், சட்டம் 96 அதற்கு மூன்றாண்டு வரம்பு வைத்துவிட்டது. கேட்காதீர்கள் என்பது என் கருத்து. எட்டு வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்ப் பதினொன்றில் பிரெஞ்சுக்கு மாறுவது பிள்ளைக்குக் கொடுமை. பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு "அக்கோய்" என்ற வரவேற்பு வகுப்பு பல பள்ளிகளில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது நம் பிள்ளைகள் உட்கார்ந்த புகுமுக வகுப்பு மாதிரிதான், ஆனால் யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. வீட்டில் தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு சீக்கிரம் வரட்டும் என்று தாயும் பிள்ளையும் அரைகுறைப் பிரெஞ்சில் பேசிக்கொள்ளும் வீடுகளில் இரண்டு மொழியும் தேறுவதில்லை, அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி.

கடைசியாக உங்கள் தொழில். கியூபெக்கில் தாதியாக நிரந்தர உரிமம் வேண்டுமானால் தொழிலுக்கேற்ற பிரெஞ்சு இருப்பதைக் காட்ட வேண்டும், ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஈடாகாது. குடியேற்றத்துக்காக டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வுகளுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், இப்போதைய நிலையில் எழுதினால் குறைவாக வாங்கிவிட்டு மறுபடி கட்டுவீர்கள். போய் ஒரு வருடம் வகுப்பில் இருந்துவிட்டு எழுதுங்கள். கிளம்பும் முன் இங்கே முடிக்க வேண்டிய வேலை வேறு: டிப்ளோமா, பாடத்திட்ட விவரம், மலேசியத் தாதியர் வாரியப் பதிவுச் சான்று, வேலை அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் வாங்கி, மலாயில் இருப்பதை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துக் கையோடு கொண்டுபோங்கள். அங்கிருந்துகொண்டு கேட்டு வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.