ஐந்து தட்டு, ஐந்து கிளாஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆரிகன் மாநிலம் ஹில்ஸ்பரோவில் இருக்கிறோம். என் கணவரின் அலுவலக நண்பர்கள் செப்டம்பரில் வில்லமெட் பள்ளத்தாக்கில் ஒரு ஒயின் தோட்டத்தில் நடக்கும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து கோர்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின், எல்லாமே ஆரிகனில் விளைந்ததாம். எனக்கு ஒயின் பற்றி ஒன்றுமே தெரியாது. எல்லோரும் பேசும்போது நான் மட்டும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஹில்ஸ்பரோ

பதில்: தாராளமாகப் போங்கள் தோழி. அந்த மேஜைக்கு வருகிற அமெரிக்கர்களிலும் பலர் சாப்பிடத்தான் வருகிறார்கள், பரீட்சை எழுத வரவில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு தட்டு வரும்போதும் சமையல்காரரோ ஒயின் செய்தவரோ எழுந்து நின்று, இது எங்கே விளைந்தது, ஏன் இதை இதோடு சேர்த்தோம் என்று சுருக்கமாகச் சொல்வார். அதைக் காது கொடுத்துக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவரோடு பேச விஷயம் கிடைத்துவிடும். யாராவது உங்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், செர்ரி வாசனை, ஈர மண் வாசனை என்றெல்லாம் ஒப்பிக்க வேண்டாம். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை, முந்தைய கிளாஸைவிடப் புளிப்பு, இவ்வளவு சொன்னால் போதும்.

உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான், எந்த வரிசையில் ருசிப்பது என்பது. கிளாஸில் ஊற்றியதும் ஒரு சின்ன மடக்கு மட்டும் குடித்துவிட்டு வைத்துவிடுங்கள். தட்டு வந்ததும் ஒரு வாய் சாப்பிடுங்கள், அந்த ருசி நாக்கில் இருக்கும்போதே இன்னொரு மடக்கு, அப்புறம் மறுபடி ஒரு வாய். அந்த இரண்டாவது வாயில்தான் எல்லாமே தெரியும். முதல் வாயைவிட அது நன்றாக இருந்தால் ஜோடி பொருந்தியிருக்கிறது, ருசி மங்கிப்போனால் பொருந்தவில்லை. எவ்வளவு பெரிய சமையல்காரர் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் சரி, உங்கள் நாக்கு சொல்வதை நம்புங்கள்.

உதாரணத்துக்கு சால்மன் மீனை எடுத்துக்கொள்ளுங்கள், ஆரிகன் விருந்தில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். சால்மனைக் குச்சிகளில் செருகி, நெருப்பைச் சுற்றி நட்டு, ஆல்டர் மரப் புகையில் வாட்டுவது இந்தப் பகுதியின் பூர்வகுடி மக்கள் காலங்காலமாகச் செய்துவருவது. மெக்மின்வில் ஊரில் 1987-இல் தொடங்கிய, பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினுக்கான விழாவில்கூட இப்படி வாட்டிய சால்மன் விருந்துதான் பெயர்போனது. மீனுக்கு வெள்ளை ஒயின், கறிக்குச் சிவப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே சால்மனோடு சிவப்பு பினோ நுவார் ஊற்றுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டைப்பாக்கை மென்றால் வாய் இறுகுமே, அந்த மாதிரித் துவர்ப்பு அதிகமுள்ள சிவப்பு ஒயினை மீனோடு சேர்த்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது, ஒயினில் துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கலாக இருக்கும். சால்மனின் கொழுப்பு நாக்கில் படிய, அந்தப் புளிப்பு அதைத் துடைத்துவிட, மீன் தோலில் ஏறிய புகை வாசனை மறுபடி புதிதாகத் தெரிகிறது. ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்தாலும் இதில் பாதி வேலை நடக்கும், மீதிப் பாதிக்குத்தான் ஒயின்.

அளவைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோர்ஸுக்கும் 60 முதல் 90 மில்லி வரை ஊற்றுவது வழக்கம். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் ஐந்து கிளாஸையும் காலி செய்தால் 300 முதல் 450 மில்லி வரை வந்துவிடும், அதாவது 750 மில்லி பாட்டிலில் கிட்டத்தட்டப் பாதி. பழக்கமில்லாதவருக்கு இது ரொம்ப அதிகம். கிளாஸில் மிச்சம் வைப்பதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், மிச்சத்தைக் கொட்டவென்றே மேஜையில் ஒரு பாத்திரம் வைக்கிற இடங்களும் உண்டு, இல்லாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். அப்புறம், கனமான சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், மேஜையில் இருக்கும் எல்லோருக்குமே ஒயினின் வாசனை தெரியாமல் போய்விடும்.

செப்டம்பர் என்றால் மழையைப் பொறுத்து சாண்டரெல் காளான் வர ஆரம்பித்திருக்கலாம், ஹேசல்நட் அறுவடையும் நெருங்கியிருக்கும். அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட்டில் ஏறக்குறைய மொத்தமும் இந்தப் பள்ளத்தாக்கில் விளைவதுதான். சீஸ் தட்டில் ரோக் ரிவர் புளூ இருந்தால் விட்டுவிடாதீர்கள். திராட்சை இலையில் சுற்றி முதிர வைக்கும் ஆரிகன் சீஸ் அது, 2019-இல் இத்தாலியில் நடந்த உலக சீஸ் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. கடைசியில் மேரியன்பெரி இனிப்பு வரக்கூடும், 1956-இல் ஆரிகனில் வெளியிட்ட பழ ரகம். அதோடு வரும் ஒயின் இனிப்பைவிடத் தித்திப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல ஒயின்கூட வெறும் புளிப்பாகத் தெரியும். அப்படி ஆனால் குறை உங்கள் நாக்கில் இல்லை, ஜோடி சேர்த்ததில்தான்.

கேள்வி: மகனைப் பார்க்க போர்ட்லேண்ட் வந்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு விருந்துக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டான். நான் சுத்த சைவம், மதுவும் தொடுவதில்லை. வரமாட்டேன் என்றால் வருத்தப்படுவான். போவதில் அர்த்தம் இருக்கிறதா?
- ஒரு வாசகர், போர்ட்லேண்ட்

பதில்: இருக்கிறது ஐயா, ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே மகனை விட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய் மேஜையில் சொன்னால் வேகவைத்த காய்கறித் தட்டு ஒன்றுதான் கிடைக்கும், முன்கூட்டியே சொன்னால் உங்களுக்கென்று யோசித்துச் சமைப்பார்கள். சைவம் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல், சூப்பில் கோழி எலும்புச் சாறு, கீரையில் பன்றிக் கொழுப்பு, இனிப்பில் ஜெலட்டின், இவை வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேட்கட்டும். சமையலில் ஊற்றும் ஒயினையும் சேர்த்துக் கேட்கட்டும். கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்த பிறகும் சுமார் 40 சதவீதமும், இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதமும் தங்குகிறது.

குடிக்க என்ன என்றால், மது இல்லாத ஜோடி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள், இப்போது பல இடங்களில் தருகிறார்கள். காய்த் திராட்சையைப் பிழிந்த புளிப்புச் சாறு, பெரிப் பழத்தையும் வினிகரையும் சேர்த்த பானம், இப்படி. சாப்பாட்டோடு சேரும்போது ஒயின் செய்யும் வேலையில் பெரும்பங்கு புளிப்பினுடையது, அது இவற்றிலும் இருக்கிறது. வெறும் சோடாவோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள், நீங்களும் முழு விருந்தாளிதான்.

கேள்வி: பினோ நுவார் பிரான்ஸ் நாட்டுத் திராட்சை. அதை வைத்துக்கொண்டு ஆரிகன் ஒயின் என்று பெருமைப்படுவது சரியா?
- ஒரு வாசகர், சியாட்டில்

பதில்: சரிதான். கொடி பிரான்ஸின் பர்கண்டி பகுதியிலிருந்து வந்தது, இங்கே அதை வளர்த்துக் காட்டியது இங்கே உள்ளவர்கள். டேவிட் லெட் என்பவர் 1965-இல் பினோ நுவார் கன்றுகளை வில்லமெட் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தபோது, குளிரும் மழையும் உள்ள இடத்தில் இது பழுக்காது என்றுதான் அவருக்குச் சொன்னார்கள். பாரிஸில் 1979-இல் நடந்த ஒரு போட்டியில் அவருடைய 1975 ஒயின் பினோ நுவார் பிரிவில் முதல் பத்துக்குள் வந்தது. பர்கண்டியின் பெரிய ஒயின் வணிகர் ராபர்ட் துரூவான் அடுத்த வருடமே மறுபோட்டி வைத்தார், அதில் துரூவானின் 1959 ஒயினுக்கு அடுத்து இரண்டாம் இடம் லெட்டுக்கு, அதுவும் மயிரிழையில். 1987-இல் துரூவான் குடும்பமே வில்லமெட் பள்ளத்தாக்கின் டண்டீ மலைச் சரிவில் நிலம் வாங்கிவிட்டது. பர்கண்டிக்காரர்களே நிலம் வாங்க வந்த பிறகு இது வெறும் நகல் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் ஊரில் லூசியானா சாப்பாட்டு விருந்து ஒன்று நடக்கிறது, கம்போ, கிராஃபிஷ் எல்லாம் உண்டாம். அந்தக் காரத்துக்கு எந்த ஒயின்?
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: ஆல்கஹால் அதிகமுள்ள, துவர்ப்பான சிவப்பு ஒயின் மட்டும் வேண்டாம், கார எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும். லேசான தித்திப்பும் நல்ல புளிப்பும் ஆல்கஹால் குறைவாகவும் உள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைக் கேளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் ஏரிப் பகுதியிலிருந்து அருமையான ரீஸ்லிங் வருகிறது. அந்தக் குளிரில் ஐரோப்பியத் திராட்சை பிழைக்காது என்று இருந்த நம்பிக்கையை உடைத்தவர் உக்ரைனிலிருந்து குடியேறிய கான்ஸ்டன்டின் ஃபிராங்க், அவருடைய முதல் ஒயின் 1962-இல் வந்தது.

கேள்வி: டிப்ஸ், கார், அடையாள அட்டை பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், பீவர்டன்

பதில்: டிக்கெட் விலையிலேயே சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வையுங்கள். ஆரிகனில் விற்பனை வரி கிடையாது என்பதால் கணக்குச் சுலபம். மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும், நரைத்த தலையாக இருந்தாலும் அடையாள அட்டை கேட்கலாம், ஊரிலிருந்து வந்த பெற்றோர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும்.

காரைப் பொறுத்தவரை நான் கறாராகவே சொல்கிறேன். ஆரிகனில் ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம், அதற்குக் கீழே இருந்தாலும் தடுமாற்றம் தெரிந்தால் வழக்குப் போட முடியும். ஐந்து கிளாஸ் குடித்துவிட்டு யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஒயின் தோட்டங்கள் இருக்கும் பக்கம் இரவில் வாடகைக் கார் சட்டென்று வராது, போகும்போதே திரும்பி வரவும் சேர்த்து வண்டி பேசிவிடுங்கள், அல்லது குடிக்காத ஒருவரை ஓட்டச் சொல்லி அவருக்கும் அந்த மது இல்லாத ஜோடியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.